நாலு பல் கிடா

வி.கோட்டா சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள்.
என்னிடம் துண்டு இல்லை.
இருந்தாலும் என் கையை எவன் பிடிப்பான்.
வாய்விட்டே கேட்டேன்:
"எந்தக்கி இஸ்தாவன்னா?"
சந்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

உதட்டைப் பிதுக்கினேன். நாலு பல்.
குளம்பை மடக்கி முகர்ந்தேன், அழுகல் இல்லை.
பின்னங்கால் நடுவே கைவிட்டு
விதை ரெண்டும் சமமா, கட்டி உண்டா என்று
நிதானமாக உருட்டிப் பார்த்தேன்.
டீக்கடைப் பக்கம் ஒருவன் இருமினான்.
இருமட்டும்.
பதினோரு பெட்டை வைத்திருப்பவள் நான்,
கொம்புச் சுருளில் மயங்கி வாங்கினால்
ஐந்து மாதம் கழித்து வெறுங்கொட்டகையைப் பார்க்கப் போவதும் நான்.

நரசப்பா பதினெட்டு என்றான்.
நான் பதிமூன்று.
துண்டுக்கடியில் என்றால் இருவருக்குள் போயிருக்கும்.
வெட்டவெளியில் கேட்டதால்
ஆளுக்கொரு விலை சொன்னார்கள்,
வெற்றிலைக்காரி உட்பட.
பதினைந்தாயிரத்து முந்நூறில் நின்றது.
அந்த முந்நூறு எதற்கென்று
அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் டெம்போவில்
காலிக் கிரேட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தோம்.
மலை வளைவுகளில் என்மேல் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.
பத்தலப்பள்ளி செக்போஸ்டில் டார்ச் அடித்து
"உள்ள என்னம்மா?" என்றார்.
"மாப்பிள்ளை."
அவர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் தனியே கட்டினேன்.
பூச்சி மருந்து, கொள்ளு, வேப்பந்தழை.
வா என்றால் நிற்பான்,
ரா என்றால் வருவான்.
என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து
அவனிடம் தெலுங்கில் குசலம் கேட்பார்;
என்னிடம் கேட்க வேண்டியதையும்
சில நாள் அவனிடமே கேட்டார்.
கம்மல் பேங்கில் இருந்தது.

ஆடி பிறந்ததும்
செங்கல்லை நுணுக்கி ஆமணக்கெண்ணெயில் குழைத்து
மார்பில் அப்பி அவிழ்த்துவிட்டேன்.
விடிந்தால் பார்ப்பேன், எந்தப் பெட்டையின் இடுப்பு சிவந்திருக்கிறதென்று.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
தேதி, பெயர்.
முதல் வாரம் நாலு. அடுத்த வாரம் அஞ்சு.
அப்புறம் ஒன்று. கறுப்பி மட்டும் கடைசிவரை கறுப்பு.
வேலிக்கு அந்தப் பக்கம்
துரைக்கண்ணு வீட்டு ஆடு ரெண்டு சிவந்து நின்றன.
"யாரு பெயின்ட் அடிச்சது?" என்றார்.
குட்டி விழட்டும், பேசிக்கலாம் என்றேன்.

குனிந்து தொட்டி கழுவிய ஒரு மாலையில்
பின்னாலிருந்து முட்டினான்.
சேற்றில் முகம். எழுந்து பார்த்தால்
புடவையில் செங்கல் சிவப்பு.
அந்தத் தேதியை நோட்டில் எழுதவில்லை.
அன்றிலிருந்து நெற்றியைத் தடவுவதில்லை,
தாடையைச் சொறிவதோடு சரி.

மார்கழிக் குளிரில் பன்னிரண்டு விழுந்தன.
ஒன்றை விடியுமுன் புதைத்தோம்.
மிச்சத்தில் எட்டு பெட்டை, எல்லாம் அவன் மூக்கு.
அதுதான் இப்போது தொல்லை.
அதுகள் பருவத்துக்கு வருமுன்
அவன் இங்கே இருக்கக் கூடாது.
நரசப்பா போனில் சொல்கிறான்,
கிடாவுக்குக் கிடா மாத்திக்கலாம், காசு வேண்டாம்.
குடியாத்தத்திலிருந்து வந்தவர்
பக்ரீத்துக்கு இருபத்தாறு தருகிறேன் என்று
முழுநோட்டாக எண்ணிக் காட்டினார்.
காதில் துடைப்பக் குச்சி மறுபடி உறுத்தியது.

அவர் குனிந்து கிடாவின் மார்பைப் பார்த்தார்.
பங்குனியில் ரெண்டாம் தரம் பூசியது
மயிரடியில் இன்னும் போகவில்லை.
"இது என்ன, புண்ணா?"
செங்கல் என்றேன்.
"கழுவினா போயிடுமில்ல?"

தொட்டியில் தண்ணீர் இருந்தது.
நாளைக்கு வாங்க என்றேன்.